மறுமொழி: ‘விண்டர் இன்ட்ரஸ்ட்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ‘குளிர்கால ஆர்வம்’ என்று வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது ஐயா. ஆர்வம் நமக்கு வருவது; மரத்துக்கு எங்கிருந்து வரும்? மற்றதெல்லாம் மொட்டையாக நிற்கும் மாதங்களில் ஒரு செடி கண்ணுக்கு என்ன தருகிறது என்பதைத்தான் தோட்டக்காரர்கள் ‘விண்டர் இன்ட்ரஸ்ட்’ என்கிறார்கள். பட்டையின் நிறம், மாறாத பச்சை, பழம் எல்லாம் இதில் சேரும்.

நான் இருக்கும் நியூ ஜெர்சியில் இதற்குச் சட்டென்று நினைவுக்கு வருவது அமெரிக்க ஹாலி, குளிரிலும் பச்சை மாறாத, இந்த மண்ணின் மரம். பக்கத்து டெலவேர் 1939இல் இதையே மாநில மரமாக ஏற்றது. இலை விளிம்பில் முள் இருக்கும். ஐரோப்பிய ஹாலிபோல் பளபளக்காது, கொஞ்சம் மங்கல்தான். சிவப்புப் பழம் இலையுதிர்காலத்திலேயே பழுத்தாலும் பறவைகள் பெரும்பாலும் உடனே சீண்டுவதில்லை. உறைபனி பட்டுப் பழம் இளகிய பிறகு, பிப்ரவரி வாக்கில், சீடர் வாக்ஸ்விங் என்னும் பறவைகளின் கூட்டமொன்று வந்து இறங்கும். அப்புறம் பார்த்தால் மரத்தில் வெறும் பச்சைதான் மிச்சம்.

(என் முதல் மரம் பல வருடம் பூத்தும் காய்க்கவில்லை. ஹாலி ஈரில்லத் தாவரம், அதாவது ஆண் பூ ஒரு மரத்திலும் பெண் பூ வேறு மரத்திலும் பூக்கும். நாற்றுப்பண்ணையில் பெண் என்று கொடுத்தது ஆண். பூவைப் பிரித்துப் பார்த்தேன். நடுவே பருத்த சூலகம் இல்லை, விரலில் மகரந்தம் ஒட்டியது. பழத்துக்காக வளர்ப்பவர்கள் பெண் மரத்தோடு அருகில் ஓர் ஆணையும் நட வேண்டும்.)

சரி, சொல்லுக்கு வருவோம். ‘குளிர்காலக் களை’ நன்றாகத்தான் இருக்கிறது, முகக்களை மாதிரி. ஆனால் தோட்டக் கட்டுரையில் களை என்று எழுதினால் பிடுங்கிவிடுவார்கள். ‘வாடையெழில்’ என்றால் மூக்கைப் பொத்துவார்கள். ‘பனிப்பொலிவு’ என் முதல் விருப்பம்; வாய்விட்டுச் சொன்னால் பாதிப் பேர் காதில் பனிப்பொழிவு என்றே விழும்.

ஆகவே ‘குளிர்ப்பொலிவு’. குளிர் பொழியாது என்பதால் குழப்பம் குறைவு.

> பொலிவு என்றால் அழகு மட்டும்தானே? பறவைக்கான தீனி அதில் வரவில்லையே?

வருகிறது. களத்தில் குவித்த நெல்லுக்குப் பொலி என்றுதானே பெயர்? பொலிதல் என்றால் பெருகுதலும்தான். அந்தத் தானிய வாசம் இந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது.

‘அமெரிக்க ஹாலி: பசுமை மாறாதது, பெண் மரத்துக்குக் குளிர்ப்பொலிவு மிகுதி.’ செடிப் பட்டியலில் இப்படிப் போட்டுப் பார்த்தேன், உறுத்தவில்லை. வேறு சொல் இருந்தால் வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள்.