மறுமொழி: ஆய்வகத்து ‘ஸ்டாண்டர்டு’க்குத் தமிழில் என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> கனிமத் தேட்டத்தில் ஆய்வகத்தைச் சோதிக்க அனுப்பும் ‘ஸ்டாண்டர்டு’ பொடியைத் ‘தர மாதிரி’ என்று சொல்லலாமே? எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் படிப்பவர் அதைத் ‘தரமான மாதிரி’ என்றே எடுத்துக்கொள்வார். இந்தப் பொடி உயர்ந்த தாதுவாக இருக்க வேண்டியதில்லை. டன்னுக்கு அரை கிராம் பொன் மட்டுமே கொண்ட எளிய பாறைப் பொடியும் இந்த வேலைக்கு வேண்டும். அதில் எவ்வளவு இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளுக்குப் புவியியலாளர் வரிசை எண் இடும்போது, இடையிடையே இந்தப் பொடிப் பொட்டலங்களுக்கும் அதே வரிசையில் எண் கொடுத்துச் செருகிவிடுகிறார். பாறைத் துண்டுகளுக்கு நடுவே பொடியைக் கண்டதும் இது சோதனைக்கு வந்தது என்று ஆய்வகம் ஊகித்துவிடும். ஆனால் பொடியின் மதிப்பு ஆய்வகத்துக்குத் தெரியாது. கிடைத்த எண், பொடியோடு வரும் சான்றிதழில் உள்ள மதிப்பிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு (அளவீடுகள் இயல்பாகச் சிதறும் அளவு திட்ட விலக்கம்) மேல் விலகினால், அதனோடு சேர்ந்த மாதிரிகளையும் மறுபடி ஆய்வு செய்யச் சொல்வது பரவலான வழக்கம்.

இந்தக் கெடுபிடி ஏன் வந்தது என்பதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. ஜி-1 என்ற கிரானைட் பொடியையும் டபிள்யூ-1 என்ற டயபேஸ் (ஒரு கரும்பாறை) பொடியையும் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, முடிவுகளை 1951இல் அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனம் வெளியிட்டது. அனைவருக்கும் போனது ஒரே பொடி; ஆனால் எண்கள் யாரும் எதிர்பாராத அளவுக்கு வேறுபட்டன. பாறைப் பகுப்பாய்வு என்ற துறையே தன் எண்களைத் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான். எங்கள் துறையில் நான் மிகவும் மதிக்கும் வெளியீடு அது.

> அப்படியானால் ‘உண்மைமதிப்பு மாதிரி’?

இதை நான் வன்மையாக மறுக்கிறேன். சான்றிதழில் உள்ள மதிப்பு பல ஆய்வகங்கள் அளந்து ஒப்புக்கொண்ட மதிப்பு. அளப்பதற்கு முன் பொடியை அமிலத்தில் கரைக்கும் முறையையும் அது பெரும்பாலும் சார்ந்தது. ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஐதரோகுளோரிக் அமிலங்களின் கலவை) சிலிக்கேட் கனிமங்கள் பல முழுமையாகக் கரைவதில்லை. ஐதரோபுளோரிக் அமிலம் சேர்ந்த நான்கு அமிலக் கரைப்பிலும் சிர்க்கோனியம் கொண்ட சிர்க்கான் என்ற கனிமம் முழுதாக அசைந்துகொடுக்காது. சிர்க்கோனியத்தின் எண் குறைவாகவே வரும். அதனால் ஒரே பொடிக்கு, ஒரே தனிமத்துக்கு, கரைப்பு முறைக்கு ஒரு மதிப்பாகச் சான்றிதழில் அச்சிடுகிறார்கள். இவற்றில் எதை ‘உண்மை’ என்பது?

‘நம்பக மாதிரி’ என்ற யோசனையும் வேறொரு காரணத்தால் ஆகாது. இந்தோனேசியாவின் புசாங்கில் பெரும் பொன் படிவு இருப்பதாகக் காட்டிய மோசடி 1997இல் வெடித்தபோது தெரியவந்தது என்ன? மாதிரிகள் ஆய்வகத்தை அடையும் முன்பே அவற்றில் வெளியிலிருந்து பொன் கலக்கப்பட்டிருந்தது. ஆய்வகம் தன்னிடம் வந்ததில் இருந்த பொன்னை அளந்து சொன்னது. இந்தப் பொடி ஆய்வகத்தின் அளவீட்டைத்தான் சோதிக்கும். மாதிரியின் நேர்மைக்கு அது பிணை நிற்காது.

> ‘உரைகல்’ என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறதே!

அருகில் வந்துவிட்டீர்கள், ஐயா. ஆனால் பொற்கொல்லர் கையில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று கல். மற்றொன்று உரையாணி, அதாவது மாற்று (பொன்னின் தூய்மை அளவு) முன்பே தெரிந்த பொன் ஊசி. வந்த நகையையும் ஊசியையும் ஒரே கல்லில் உரசி, இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டே மாற்றைச் சொல்வார். நம் துறையில் கல்லின் இடத்தில் இருப்பது கருவி. பொடி இருப்பது ஆணியின் இடத்தில். எனவே என் பரிந்துரை ‘ஆணிமாதிரி’. ‘ஆணிப்பொன்’, ‘ஆணித்தரம்’ என்று பழகிய காதுக்கு இது அந்நியமாக ஒலிக்காது. ‘ஆணிமதிப்பு’, ‘ஆணி விலக்கம்’ என்று மேலும் சொல் பிறக்கவும் இடம் தருகிறது. சுவரில் அடிக்கும் ஆணி நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆய்வகச் சூழலில் அந்தக் குழப்பம் நீடிக்காது என்று நினைக்கிறேன்.

‘பிளாங்க்’ பற்றி ஒரு வார்த்தை. ஆணிமாதிரி ஏற்கெனவே பொடியாக இருப்பதால் நொறுக்கும் கட்டத்துக்குள் போவதே இல்லை. அங்கே நடக்கும் கலப்படத்தை அது காட்டாது. அதற்காகத்தான் தேடும் உலோகம் இல்லாத குவார்ட்சுத் துண்டுகளை, வளமான மாதிரிக்கு அடுத்து நிற்கும்படி வரிசையில் வைக்கிறோம். நொறுக்கியில் ஒட்டியிருந்த பொன் அந்தக் குவார்ட்சில் தலைகாட்டிவிடும். இதற்கு ‘வெறுமாதிரி’ என்பதே போதும். ‘வெற்று மாதிரி’ என்று பிரித்தால் பை காலி என்று பொருள்படும்.

‘டூப்ளிகேட்’டை இன்று தொடவில்லை. களத்திலேயே இரண்டாக எடுப்பது, நொறுக்கிய பின் பிரிப்பது, பொடியாக்கிய பின் பிரிப்பது என்று அது மூன்று வகை. ஒவ்வொன்றும் வெவ்வேறு பிழையைக் காட்டுகிறது. மூன்றுக்கும் ஒரே வேரிலிருந்து சொல் வேண்டும். ‘இணைமாதிரி’ என்று தொடங்கலாமா? எழுதுங்கள்.