க்ரூஸ் மாவட்டத்தில் பழைய கருங்கல் வீடு: திருத்தச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி (வட லண்டனிலிருந்து)

வணக்கம். நானும் மனைவியும் இருபது வருடங்களாக வட லண்டனில் வசிக்கிறோம். பிரான்ஸின் நடுப்பகுதியில், க்ரூஸ் மாவட்டத்தின் தெற்கே உள்ள ஒரு சிற்றூரில், 1880களில் கட்டப்பட்ட கருங்கல் வீடொன்றை 42,000 யூரோவுக்குப் பேசி முடித்திருக்கிறோம். லா கூர்னேவில் இருக்கும் மைத்துனர் மூலமாகத்தான் இந்த வீடு தெரியவந்தது. முன்விற்பனை ஒப்பந்தத்தில் அடுத்த மாதம் கையெழுத்திட வேண்டும்.

வீடு வெளிப்புற அளவில் 9 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் கொண்டது. கீழும் மேலுமாக இரண்டு தளங்கள் உண்டு. சிலேட்டுக் கூரையில் ஆங்காங்கே பலகைகள் கழன்றிருக்கின்றன. 1970களில் யாரோ வெளிச்சுவர் முழுவதற்கும் சீமெந்து பூசியிருக்கிறார்கள். உட்சுவரில் முழங்கால் உயரம்வரை ஈரம் ஏறியிருக்கிறது. மின்னிணைப்பில் இன்னும் பீங்கான் பியூஸ்கள்தான் இருக்கின்றன. ஊரில் கழிவுநீர்க் குழாய்த் திட்டம் இல்லை என்பதால் வீட்டுக்கெனத் தனி மலக்குழி இருக்கிறது. எரிசக்தித் தரம் ஜி, அதாவது ஏ முதல் ஜி வரையிலான வரிசையில் கடைசி. பக்கத்தில் ஒட்டியபடி ஒரு தானியக் கொட்டகையும் உண்டு.

என் கணக்கு எளிமையானது. 9 × 7 × 2 என்றால் 126 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 700 யூரோ என்று வைத்தால் 88,200 யூரோ வருகிறது. வீட்டு விலை போக எங்களிடம் 95,000 யூரோ இருக்கிறது. 700 என்ற தொகை நியாயமானதா, குறைவானதா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (கொறேஸ் மாவட்டத்திலிருந்து)

நான் உங்களுக்குப் பக்கத்து மாவட்டம். 2016இல் ஏறக்குறைய இதே வயதுள்ள வீட்டை வாங்கி, இன்னமும் திருத்திக்கொண்டிருக்கிறேன். 700 குறைவா கூடவா என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் என் வீட்டுச் செலவில் எதுவுமே தரைப்பரப்பின் சதுர மீற்றர்ப்படி வரவில்லை. கூரை கூரையாகவும் மலக்குழி மலக்குழியாகவும்தான் வந்தன.

முதலில் ஈரத்தைப் பற்றிச் சொல்கிறேன், உங்கள் விவரிப்பில் எனக்கு மிகவும் பழக்கமானதாகத் தெரிந்தது அதுதான். அந்தக் காலத்துச் சுவர்கள் மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த சாந்தில் கட்டப்பட்டவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியாக வெளியே உலர்ந்துவிட வேண்டும் என்பதே அந்தக் கட்டுமானத்தின் அடிப்படை. வெளியே சீமெந்தைப் பூசிவிட்டால் ஈரத்துக்கு உள்பக்கம் மட்டுமே வழியாகிறது. எனக்கு வந்த முதல் விலைப்பத்திரம், சுவரில் துளையிட்டு மருந்து செலுத்துவதற்கு 7,000 யூரோ கேட்டது. நான் அதைச் செய்யவில்லை. வீட்டைச் சுற்றி நூறு வருடங்களாகச் சேர்ந்த மண் உட்தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. அதை வெட்டி இறக்கி, கூரைத் தண்ணீரைச் சுவரடியிலிருந்து தள்ளி ஓடவிட்டு, கீழ்ப்பகுதிச் சீமெந்தைத் தட்டி எடுத்ததில் பாதி ஈரம் இரண்டு கோடைகளில் போய்விட்டது. அதற்கு ஒரு சிறிய மண்வெட்டி இயந்திரத்தின் நாலு நாள் வாடகையும் என் முதுகும்தான் செலவு.

இரண்டாவது விடயம் வேலைக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸைக் கட்டியவர்களில் பலர் க்ரூஸ் கொத்தர்கள். வருடந்தோறும் வசந்தத்தில் ஊரைவிட்டுப் போய்க் குளிர்காலத்தில் திரும்பி வருவார்கள். கொத்தராகத் தொடங்கிப் பாராளுமன்றம்வரை சென்ற மார்த்தென் நதோ அந்த ஊர்க்காரர்தான். 1851 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின்னர் இங்கிலாந்தில் பல வருடம் புகலிடம் தேடி வாழ்ந்தவர் என்பதால் எங்களுக்கு அவர்மேல் ஒரு தனிப் பற்று உண்டு. இன்று அதே மாவட்டத்தில் ஒரு நல்ல கொத்தரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

அவசரத்தில் நான் ஒருவரிடம் ஏமாந்தேன். பத்தாண்டு உத்தரவாதக் காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டினார். நானும் காப்புறுதி இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிட்டேன். அந்தப் பத்திரத்தில் கொத்துவேலையும் ஓடு பதித்தலும் மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தன, கூரைவேலை இல்லை. பத்திரத்தில் எழுதப்பட்ட தொழில்களுக்கு மட்டுமே அந்தக் காப்புறுதி செல்லும். கூரை ஒழுகத் தொடங்கிய பின்னர்தான் அந்தப் பக்கத்தை முழுமையாக வாசித்தேன். பிறகு வேறொருவரைக் கொண்டு மீண்டும் செய்வித்தபோது, 2019இல், சாரம், சிலாகை, பீலி எல்லாம் உட்பட வரிக்கு முன் கூரைப்பரப்பின் சதுர மீற்றருக்கு 190 யூரோ ஆனது. இன்று 220க்குக் குறையாது என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2 (கட்டுமான அளவைத் துறை, மில்ரன் கீன்ஸ்)

நான் கொழும்பில் படித்து, இங்கிலாந்தில் கட்டுமான அளவையாளராக வேலை செய்கிறேன். பிரெஞ்சு விலைவாசி எனக்குத் தெரியாது; அளவுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கணக்கின் பிழை 700இல் அல்ல, 126இல் இருக்கிறது.

அந்த வயதுக் கருங்கற்சுவர் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் தடிப்பாக இருக்கும். இருபுறமும் கழித்தால் உள்ளளவு 7.8 × 5.8, அதாவது ஒரு தளத்துக்கு 45 சதுர மீற்றர், இரண்டுக்கும் சேர்த்து 90. தரைவேலைக்கு நீங்கள் 36 சதுர மீற்றர் கூடுதலாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். உட்பக்கம் 12 சென்ரிமீற்றர் வெப்பக்காப்பு வைத்தால் தளத்துக்கு இன்னும் மூன்று சதுர மீற்றருக்கு மேல் குறையும்.

கூரையிலோ பிழை எதிர்த்திசையில் போகிறது. தாழ்வாரம் சுற்றிலும் 30 சென்ரிமீற்றர் நீண்டிருக்கிறது என்று வைத்தால் தரைப்பட அளவு 9.6 × 7.6, அதாவது 73 சதுர மீற்றர். சிலேட்டுக் கூரைகள் செங்குத்தானவை. 45 பாகைச் சரிவுக்கு 1.414ஆல் பெருக்க வேண்டும். ஆக 103 சதுர மீற்றர். மேலே நண்பர் சொன்ன 220ஐயும் 10 வீத வரியையும் சேர்த்தால் கூரை மட்டுமே 24,900 யூரோ, அதாவது உங்கள் 88,200இல் கால்வாசிக்கும் மேல். வெப்பக்காப்புக்கு உட்சுற்றளவு 27.2 மீற்றர், உயரம் 2.4, தளங்கள் இரண்டு. கதவு, யன்னல் கழித்தால் சுமார் 115 சதுர மீற்றர். இவை எவற்றுக்கும் 126 என்ற எண்ணோடு தொடர்பில்லை.

எதிர்பாராச் செலவுக்கு எல்லோரும் மொத்தத்தில் ஒரே வீதத்தைச் சேர்ப்பார்கள். அது அவ்வளவு பயன் தருவதில்லை. கண்ணால் பார்த்து, அளந்து, விலைப்பத்திரம் பெறக்கூடிய வேலைக்கு 10 வீதம் போதும். சீமெந்துக்குப் பின்னாலுள்ள கல், பலகைத் தரைக்கு அடியிலுள்ள வளை போன்ற, திறந்து பார்க்கும்வரை தெரியாதவற்றுக்கு 30 வையுங்கள். அந்த இரண்டாவது வகை எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உங்கள் மதிப்பீடு ஊகமாக இருக்கிறது.

மறுமொழி 3 (பாரிஸ் புறநகர், நொத்தாரிசு அலுவலகப் பணியாளர்)

அண்ணா, கட்டட வேலை எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் கணக்கில் எடுக்காத சில தொகைகள் எங்கள் அலுவலக மேசையில் தினமும் வருபவை.

பழைய வீட்டுக்கு நொத்தாரிசுச் செலவு பொதுவாக விலையின் 7 முதல் 8 வீதம். அதில் பெரும்பகுதி அரசுக்குப் போகும் வரிதான். விலை குறைந்த வீட்டில் நிலையான கட்டணங்கள் காரணமாக வீதம் கூடும். உங்களுக்கு 4,500 யூரோவரை ஒதுக்கிவையுங்கள்.

மலக்குழி பற்றிய அறிக்கையை விற்பவர் தர வேண்டும், அது மூன்று வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். விதிமுறைக்கு ஒத்துவரவில்லை என்று அதில் இருந்தால், உறுதி முடிந்த ஒரு வருடத்துக்குள் வாங்கியவர்தான் சரிசெய்ய வேண்டும். இதை முன்விற்பனை ஒப்பந்தத்துக்கு முன்பே வாசித்தால் விலை குறைக்கக் கேட்கலாம். பின்னர் வாசித்தால் வருத்தப்பட மட்டுமே முடியும். கையெழுத்திட்ட ஒப்பந்தம் உங்களுக்குக் கிடைத்த பின் பத்து நாள் பின்வாங்கும் உரிமை உண்டு என்றாலும், அந்தப் பத்து நாளில் க்ரூஸுக்கு ஆளை அனுப்பி விலை வாங்குவது நடக்கிற காரியம் அல்ல.

வீடு ஜி தரம் என்றால், விற்பவர் எரிசக்தித் தணிக்கை அறிக்கையையும் முதல் பார்வையிடலின்போதே உங்களிடம் தந்திருக்க வேண்டும். தரவில்லை என்றால் கேளுங்கள். படிப்படியான திருத்தத் திட்டங்களும் அவற்றுக்கான மதிப்பீட்டுச் செலவும் அதில் இருக்கும். துல்லியமாக இராது, ஆனால் நீங்கள் காசு கொடுக்காமல் கிடைக்கும் முதல் மதிப்பீடு அது. வீடு 1949க்கு முற்பட்டது என்பதால் பழைய வர்ணப்பூச்சில் ஈயம் உண்டா என்ற அறிக்கையும் இருக்கும். கருங்கல் நிலம் என்பதால், நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடன் பற்றிய குறிப்பையும் பாருங்கள்.

இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட குடியிருப்பில் தொழிலாளர் பொருளோடு சேர்த்துச் செய்யும் திருத்தத்துக்குப் பெறுமதி சேர் வரி 10 வீதம், சில எரிசக்தி வேலைகளுக்கு 5.5. பொருளை நீங்களே கடையில் வாங்கினால் 20. விடுமுறை வீட்டுக்கும் 10 வீதம் பொருந்தும், ஆனால் அரசின் திருத்த மானியம் நிரந்தர வதிவிடத்துக்கு மட்டுமே. மைத்துனர் மானியம் பற்றிப் பேசியிருந்தால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

யன்னல் மாற்றுவதற்குக்கூட ஊராட்சி மன்றத்தில் முன்னறிவித்தல் தர வேண்டும். 500 மீற்றருக்குள் பாதுகாக்கப்பட்ட தேவாலயம் போன்ற சின்னம் ஏதும் இருந்தால் அரசுக் கட்டடக்கலைஞரின் கருத்தும் கேட்கப்படும். மலிவான பிளாஸ்ரிக் யன்னல் மரயன்னலாக மாறுவது அங்கேதான். கொட்டகையைப் பின்னர் வீட்டோடு சேர்க்கும் எண்ணம் இருந்தால், கட்டட அனுமதி தேவைப்படும் வேலையில் மொத்தப் பரப்பு 150 சதுர மீற்றரைத் தாண்டும்போது கட்டடக்கலைஞரை அமர்த்துவது கட்டாயம்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மலக்குழி அறிக்கை மைத்துனரின் மின்னஞ்சலிலேயே இருந்திருக்கிறது; நாங்கள் அதைத் திறக்கவே இல்லை. விதிமுறைக்கு ஒத்துவரவில்லை என்றே எழுதியிருக்கிறது.

கிடைத்த விலைகளை வைத்து மறுபடி போட்டேன். கூரை 24,900, மலக்குழி 12,000, மின்வேலை 12,500, குளியலறையும் தண்ணீர்க் குழாயும் 14,000. இவை நான்கும் 63,400. யன்னலுக்கு 8,100, விறகடுப்புக்கும் புகைபோக்கிக்கும் 6,000. திறந்து பார்க்காமல் தெரியாத வகையில் சீமெந்தை அகற்றிச் சுண்ணாம்பு பூச 12,000, உட்சுவர் வெப்பக்காப்புக்கு 10,400, பலகைத் தரைக்கு 9,000. எல்லாம் சேர்ந்து 108,900. இரண்டு வகைக்கும் 10, 30 என்று தனித்தனியே சேர்த்தால் 126,070 ஆகிறது. 88,200 என்று நான் சொன்னதை நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

ஆகவே முழுவதையும் ஒரே மூச்சில் செய்யப்போவதில்லை. அந்த முதல் நான்கையும் முதற்கட்டமாகச் செய்து, 10 வீதத்தோடு 69,740 யூரோவில் நிறுத்திக்கொள்வோம். நொத்தாரிசுச் செலவும் போகக் கையில் 20,000க்குச் சற்று மேல் மிஞ்சும். சுவர்கள் இரண்டு கோடை உலர்ந்த பின்னர் அவற்றில் கைவைக்கலாம். பிரித்தானியக் கடவுச்சீட்டில் 180 நாளில் 90 நாள்தான் அங்கே தங்க முடியும் என்பதால் எங்களுக்கும் அந்த வேகமே ஒத்துவரும். விற்பவரிடம் மலக்குழிக்காக 8,000 யூரோ குறைக்கக் கேட்டு இன்று எழுதுகிறேன்.

மறுமொழி 1 (கொறேஸ்)

நல்ல முடிவு. கூரைக்கு 24,900 என்று எழுதியபோது மரச்சட்டம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டீர்கள். என் 190இல் சிலாகை மட்டுமே சேர்ந்தது, வளைமரம் சேரவில்லை. கையெழுத்துக்கு முன் ஒருமுறை போகிறீர்கள் என்றால் ஒரு டோர்ச்சும் நீளமான திருப்புளியும் கொண்டுபோங்கள். பரணில் ஏறி, கைமரங்கள் சுவர்மேல் உட்காரும் நுனிகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். திருப்புளி ஒரு விரல்நுனி அளவுக்கு உள்ளே போனால் அந்த மரம் மாற்ற வேண்டியது. எத்தனை நுனிகள் அப்படி என்று எண்ணிக்கொண்டு வந்து இங்கே எழுதுங்கள், அதற்கும் விலை போட்டுப் பார்க்கலாம்.