டியூப் மாறினால் மருந்தும் மாறுமா? களிம்பு மாற்றிய நம் அனுபவங்கள்

தோ பாயோ மகள்:

அப்பாவுக்கு இரண்டு கால்களிலும் கணுக்காலுக்கு மேலே நாள்பட்ட எக்ஸிமா, அதாவது தோல் தடித்து அரிக்கும் நோய். பல வருடமாக ஒரே தனியார் கிளினிக், ஒரே பிராண்ட் களிம்பு. அந்த டாக்டர் ஓய்வு பெற்றதும் சிங்கப்பூர் அரசின் பாலிகிளினிக்குக்கு மாறினோம். அங்கே கொடுத்த டியூபில் வேறு பெயர், வேறு நிறம். அப்பா விரலில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது கொழகொழன்னு இருக்கும்மா. நம்ம மருந்து இல்ல இது" என்று மூடி போட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு பழைய டியூபின் மிச்சத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு மருந்து கவுண்டருக்குப் போனேன்.

அந்த மருந்தாளர் பெண் அவசரப்படவே இல்லை. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரிய எழுத்தில் இருந்த பிராண்ட் பெயரை விரலால் மறைத்துவிட்டு, கீழே இருந்த சின்ன எழுத்தை என்னையே படிக்கச் சொன்னார். இரண்டிலும் பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1%. இரண்டும் ஆயின்மெண்ட். பிறகு பெட்டியின் ஓரத்தைக் காட்டினார். எஸ்ஐஎன் என்று தொடங்கும் ஒரு எண் இருந்தது. சிங்கப்பூரில் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சுகாதார அறிவியல் ஆணையத்தில் அந்த மருந்து பதிவாகியிருக்கிறது என்பதற்கான எண் அது. "தரம் பார்க்காமல் இந்த எண்ணைக் கொடுக்க மாட்டார்கள். அப்பாவிடம் இதைக் காட்டுங்கள்" என்றார்.

பெயரை முழுசாகப் படிக்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். பீட்டாமெத்தசோன் என்பதோடு நிறுத்திக்கொண்டால் போதாது. அதற்குப் பின்னால் வேலரேட் என்று இருந்தால் ஒன்று, டைப்ரோபியோனேட் என்று இருந்தால் வேறொன்று. இதைவிட எனக்குப் பயத்தைக் கொடுத்தது அடுத்து சொன்னதுதான். குளோபெட்டசால் 0.05% மிகக் கடுமையான ஸ்டீராய்டு, குளோபெட்டசோன் 0.05% நடுத்தரமானது. சதவீதம் ஒன்று, பெயரில் கடைசி எழுத்துகள்தான் வேறு. பிராண்ட் பெயரையே பார்த்துப் பழகியவர்கள் ஜெனரிக் டியூபுக்கு, அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி செய்து விற்கும் டியூபுக்கு மாறும்போது, வீட்டில் இரண்டும் இருந்தால், குழந்தையின் முகத்துக்குப் போக வேண்டியது எது, தடித்த குதிகால் தோலுக்குப் போக வேண்டியது எது என்று குழம்பிவிடலாம். என் வீட்டில் இப்போது ஒவ்வொரு டியூபிலும் 'கால்', 'கை' என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அப்பா ஒருவழியாகப் புதிய டியூபைப் போட ஆரம்பித்தார். அரிப்பு அடங்கியது. தோல் பழையபடி ஆனது. அப்பா முன்னோடித் தலைமுறை (கூடுதல் மருத்துவச் சலுகை பெறும் மூத்த சிங்கப்பூரர்கள்) என்பதால் மானியம் போக மீதியிலும் பாதி கழிந்து, தனியார் கிளினிக்கில் கொடுத்ததில் சிறு பங்குதான் ஆகிறது. ஆனால் எல்லாருக்கும் இப்படி நல்லபடியாக முடிந்திருக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்.

சிராங்கூன் ரோடு சமையல்காரர்:

அக்கா, எனக்குக் கை எக்ஸிமா. நாள் முழுக்கத் தண்ணி, சோப்பு, வெங்காயம், புளி. விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கும். எனக்கு எழுதிக் கொடுத்தது ஆயின்மெண்ட். ஒரு தடவை வேற கிளினிக்ல அதே மருந்துன்னு ஒரு டியூப் கொடுத்தாங்க. மருந்து பேரும் அதேதான், சதவீதமும் அதேதான். ஆனா வெடிப்புல போட்டதும் எரிஞ்ச எரிச்சல் சொல்லி மாளாது. ஜெனரிக்னா இப்படித்தான் போலன்னு கூட வேலை செய்யிற அண்ணன் சொன்னாரு.

அப்புறம் பாத்தா அது க்ரீம். ஆயின்மெண்ட் இல்ல. க்ரீம்ல தண்ணி இருக்கு, அது கெடாம இருக்க வேற சாமானெல்லாம் சேத்திருக்காங்க. வெடிச்ச தோலுக்கு அது எரியும்னு பாலிகிளினிக் டாக்டர் சொன்னாரு. ஆயின்மெண்ட் பெரும்பாலும் வெறும் பாரஃபின். பிசுபிசுன்னு இருக்கும், ஆனா தோலை மூடிக்கும், மருந்தும் நல்லா உள்ள போகும். அதே கம்பெனி ஜெனரிக்லயே ஆயின்மெண்ட் டியூப் வாங்கிப் போட்டேன், எரிச்சலே இல்ல. இந்த ஊரு வெக்கைக்குப் பகல்ல போட்டா தாங்காது, அதனால ராத்திரி போட்டுக் காட்டன் கையுறை மாட்டிக்கிட்டுத் தூங்குறேன்.

மருந்துக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்:

தம்பி சொன்னது மிகச் சரி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், இந்த விஷயம் என் மனதுக்கு நெருக்கமானது.

மாத்திரை என்றால் ஜெனரிக்கையும் மூல பிராண்டையும் ஒப்பிடுவது எளிது. சாப்பிட வைத்து, ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு ஏறியது என்று அளக்கலாம். தோலில் பூசும் மருந்து ரத்தத்துக்கு மிகக் கொஞ்சம்தான் போகிறது. அதனால் அந்த வழி இங்கே உதவாது. ஸ்டீராய்டு பூசிய இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் வெளுக்கும். அந்த வெளுப்பை வைத்து வீரியத்தை அளக்கும் முறையை 1962இல் மெக்கென்சியும் ஸ்டவுட்டனும் வெளியிட்டார்கள். 1987இல் அதே ஸ்டவுட்டன் ஜெனரிக் களிம்புகளை மூல பிராண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, சில ஜெனரிக்குகள் வீரியம் குறைந்து இருப்பதைக் காட்டினார். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1995இல் இந்த வெளுப்புச் சோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டி வெளியிட்டது. ஆகவே, களிம்பை மாற்றும்போது சந்தேகப்படும் முதியவர்களை நான் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. இன்று பதிவு பெற்ற ஜெனரிக்குகளை எந்தத் தயக்கமும் இல்லாமல் என் பேரப்பிள்ளைக்கே போடச் சொல்வேன்.

களிம்பில் மருந்து ஒரு துளிதான். 0.1% என்றால் 15 கிராம் டியூபில் 15 மில்லிகிராம். மற்றதெல்லாம் அந்த மருந்தைச் சுமந்து போகும் வண்டி. வண்டி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பீட்டாமெத்தசோன் டைப்ரோபியோனேட் 0.05%, சாதாரண க்ரீமாக இருந்தால் வீரியத்தை வைத்து அமெரிக்கர்கள் பிரிக்கும் ஏழு வகுப்பு வரிசையில் மூன்றாம் வகுப்பு. மருந்து தோலுக்குள் போக உதவும் ப்ரோபிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைக் கலந்து மேம்படுத்திய ஆயின்மெண்டாக இருந்தால் முதல் வகுப்பு, அதாவது இருப்பதிலேயே கடுமையானது. மருந்திலோ சதவீதத்திலோ வேறுபாடே இல்லை.

அப்பா 'கொழகொழ' என்றாரே, அதையும் தள்ளிவிடாதீர்கள். பசை இளகலாக இருந்தால் சிலர் கொஞ்சமாகத் தடவி நிறுத்திவிடுவார்கள். பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்பார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். டியூபின் வாய் வழக்கமான ஐந்து மில்லிமீட்டர் அகலமாக இருக்கும் வரை, டியூப் எது மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஈசூன் ஆசிரியை:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. புதிய டியூபுக்கு மாறிய பிறகு கழுத்து எக்ஸிமா குறைவதற்குப் பதிலாகப் பரவியது. மருந்து போடப் போட அரிப்பு கூடியது. விட்டால் கொஞ்சம் தணியும், மறுபடி போட்டால் மறுபடி வரும். வீட்டில் எல்லாரும் "ஜெனரிக் போலி மருந்து" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய பெட்டியை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அப்போதுதான் உதவியது. டாக்டர் இரண்டு பெட்டிகளுக்குள்ளும் இருந்த விவரச் சீட்டுகளில் போட்டிருந்த துணைப் பொருள்களை வரிவரியாக ஒப்பிட்டார். புதியதில் ப்ரோபிலீன் கிளைக்கால் இருந்தது. பழையதில் இல்லை.

மண்டலே ரோட்டில் இருக்கும் நேஷனல் ஸ்கின் சென்டருக்கு அனுப்பினார்கள். எதற்கு ஒவ்வாமை என்று கண்டுபிடிக்கும் பட்டைச் சோதனை செய்தார்கள். முதுகில் வரிசையாகப் பட்டைகள் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து, பிறகு இன்னொரு முறையும் பார்த்தார்கள். அந்த நாள்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. சிங்கப்பூரில் இதைக் காப்பாற்றுவது பெரிய பாடு. பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஏர்கான் அறையிலேயே இருந்தேன். ஒவ்வாமை ப்ரோபிலீன் கிளைக்காலுக்குத்தான் என்று உறுதியானது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2018இல் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதைத்தான் அறிவித்திருந்தது. அது ஜெனரிக்கில் மட்டும் இருப்பதல்ல, பெயர் பெற்ற பிராண்டுகளிலும் இருக்கிறது. இப்போது நான் போடுவதும் ஜெனரிக்தான், வெறும் பாரஃபின் அடிப்படையில் செய்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். சில கிளினிக்குகளில் பெரிய டப்பாவிலிருந்து சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் எடுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். மருந்தின் முழுப் பெயரும், அதில் கலந்திருப்பது என்ன என்பதும் எனக்கு வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

செங்காங் அம்மா:

என் மகளுக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் ஆயின்மெண்ட், 0.03%. ஜெனரிக்குக்கு மாறிய அதே வாரம் முகம் எரிகிறது என்று அழுதாள். மருந்தாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பிராண்டிலும் முதல் நாள்களில் அதே எரிச்சல் வருமாம், போடப் போடக் குறையுமாம். அவள் நடுவில் பல மாதம் அதை நிறுத்தி வைத்திருந்ததால் திரும்பத் தொடங்கும்போது எரிந்திருக்கிறது. குளித்து உடம்பு நன்றாக ஆறிய பிறகு போடச் சொன்னார். இப்போது அழுகை இல்லை. 0.1% பெரியவர்களுக்கானது, அண்ணனுடைய டியூபை எடுத்துத் தங்கைக்குப் போட்டுவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார்.

உட்லண்ட்ஸ்வாசி:

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போய் மருந்து வாங்கி வருபவர்களுக்காக எழுதுகிறேன். நானும் வாங்கியிருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுவரலாம். ஆனால் பதிவு பெற்ற மருந்தகத்தில் வாங்கிய, பெட்டியும் சீட்டும் உள்ள மருந்தாக இருக்க வேண்டும். இணையத்தில் 'மூலிகை', 'ஸ்டீராய்டு இல்லை' என்று விற்கும் க்ரீம்களை ஜெனரிக் என்று நினைத்து வாங்குகிறார்கள். அவை ஜெனரிக் அல்ல. அப்படிப்பட்ட க்ரீம்களில் சொல்லாமல் குளோபெட்டசால் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் குழந்தையின் தோல் கண்ணாடி போல ஆகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், உடனே டாக்டரிடம் அந்தக் குப்பியோடு போங்கள்.

தோ பாயோ மகள்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன விரல் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். இத்தனை நாளும் அதில் பாதிகூடப் போடவில்லை என்று தெரிந்தது. இன்னொன்றையும் இங்கே சேர்க்கிறேன். பாரஃபின் களிம்பு ஊறிய துணியில் தீ சட்டென்று பற்றிக்கொள்ளும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது. பிராண்டோ ஜெனரிக்கோ, இது எல்லா ஆயின்மெண்டுக்கும் பொருந்தும். நம் வீடுகளில் வேட்டியோடு சாமி விளக்கு ஏற்றும் பெரியவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஈசூன் அக்கா, அந்தப் பட்டைச் சோதனைக்கு நேராகப் போகலாமா? அப்பாவின் இடது காலில் ஓர் இடம் மட்டும் ஆறாமல் இருக்கிறது.

ஈசூன் ஆசிரியை:

நேராகப் போனால் மானியம் கிடைக்காதும்மா. பாலிகிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். போகும்போது அப்பா பூசுவது எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், தைலம், தேங்காய் எண்ணெய், கோடாலித் தைலம் உட்பட. சோதனைக்குச் சில நாள் முன்னாலிருந்தே முதுகில் ஸ்டீராய்டு போடக் கூடாது என்பார்கள், தேதி கிடைத்ததும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.