சிக்னலில் நின்றால் சூடாகும் கார்: புதுப்பிப்பு

நெடுஞ்சாலையில் ஓடும்போது என் காரின் வெப்பநிலை காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது, சிக்னலில் நின்றால் சிவப்புக் கோட்டுக்கு ஏறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கும் என்றார்கள். நல்லவேளை, அது இல்லை. ஆயில் மூடியில் பால் நிறக் கசடு கிடையாது, வெள்ளைப் புகையும் இல்லை.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றால் ஃபேன்தான் கதி. ஏசி போட்டதும் ஃபேன் சுற்றியது, அணைத்தால் எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் அசையவில்லை. ஆக மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. ரேடியேட்டரில் இருக்கும், சூடேறினால் ஃபேனை ஓட வைக்கும் தெர்மோ சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு வயரால் சேர்த்தார் மெக்கானிக். ஃபேன் உடனே சுற்றியது. குற்றவாளி சுவிட்ச்! (என் வண்டி பழசு, புதுசுகளில் இந்த வேலையை கம்ப்யூட்டர் பார்க்கும், வயர் வித்தை வேண்டாம்.)

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். புது சுவிட்ச் மாட்டி, கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி ஊற்றி, ஹீட்டரைப் போட்டுக் காற்றை வெளியேற்றினோம். இப்போது நெரிசலிலும் முள் அசையவில்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கிறது, அடுத்த சர்வீஸ் வரை அதை விட்டுவைக்கப் போவதில்லை.