மருதாநதிப் பக்கமாகக் கொடைக்கானலுக்குச் சுமையோடு சைக்கிள்: இறக்கத்தில் பிரேக் சூடாகிறது, ஏற்றத்தில் கியர் போதவில்லை

திண்டுக்கல் மிதிவண்டி:
வணக்கம். நானும் தம்பியும் ஜனவரி கடைசியில் திண்டுக்கல்லில் இருந்து சைக்கிளில் கிளம்பி, செம்பட்டி, சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம் வழியாக மருதாநதி ஓரம் போய், சித்தரேவில் மலையேறி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கொடைக்கானல் என்று சுற்ற நினைக்கிறோம். திரும்பும்போது பழனிப் பக்கம் இறங்கி, ஒட்டன்சத்திரம் வழியாக வீடு.

ஒத்திகைக்காகச் சிறுமலைக்குச் சுமையோடு போய்ப் பார்த்தோம். அங்கே இரண்டு சிக்கல். முதலாவது, இறங்கும்போது என் பின் பிரேக்கில் கருகல் வாடை. கடைசி வளைவுகளில் லீவர் ஹேண்டில்பாரையே தொட்டுவிட்டது, ஆனாலும் வண்டி நிற்க மறுத்தது. இரண்டாவது, ஏற்றத்தில் கடைசி கியர் வரைக்கும் போட்டும் மிதிக்க முடியவில்லை. முட்டி வலிக்கிறது.

என் வண்டி ஹைப்ரிட், கேபிள் டிஸ்க் பிரேக். முன்னால் 48/38/28 பல், பின்னால் ஏழு கியர் ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), 14 முதல் 28 பல் வரை. நான் 60 கிலோ, வண்டி 16, பின் கேரியரில் பேனியர் பைகள் 14 கிலோ. இன்னும் பயிற்சி எடுத்துவிட்டுப் போக வேண்டுமா? இல்லை, வத்தலக்குண்டு காட் ரோடு வழியாகவே போய்விடலாமா?

மதுரை ஒர்க்ஷாப்:
வழியை மாற்ற வேண்டாம் சகோதரி, வண்டியை மாற்றி அமைப்போம். உங்கள் காலில் குறையில்லை.

கியர் கணக்கைப் பாருங்கள். 28க்கு 28 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்ற, சக்கரமும் ஒரு சுற்று. சுமார் 2.15 மீட்டர் நகர்கிறீர்கள். நிமிடத்துக்கு 60 மிதி என்று வைத்தாலே மணிக்கு 7.7 கிமீ. சுமையோடு செங்குத்தில் அந்த வேகம் உங்களுக்கு வராது. அதனால் மிதி 40க்கு இறங்கும், ஒவ்வொரு மிதியின் பாரமும் முட்டியில் விழும். பின்னால் 14–34 ஃப்ரீவீல் போடுங்கள். அதே 60 மிதியில் மணிக்கு 6.4 கிமீ போதும். மெதுவாகத்தான் போவீர்கள், ஆனால் நாள் முழுக்கப் போவீர்கள்.

வாங்கும் முன் பின் டெரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்குமா என்று கடையில் கேளுங்கள். நீளக் கை உள்ளதாக இருக்க வேண்டும். செயினும் ஓரிரு கண்ணி கூடுதலாகத் தேவைப்படும். பழைய செயினையே விட்டுவிட்டு முன்னால் 48, பின்னால் 34 என்று போட்டால் டெரெய்லரே பிய்ந்து வரும்.

பிரேக்குக்கு வருவோம். நீங்கள் சொல்வது, டிஸ்க் தகட்டை இருபக்கமும் கவ்வும் பேட் சூடாகி மேல்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிப்போன கேஸ். கழற்றிப் பார்த்தால் பளபளவென்று இருக்கும். மெல்லிய உப்புத்தாளைத் தரையில் விரித்து, பேடை அதன்மேல் தட்டையாகத் தேயுங்கள். மினுமினுப்பு போய் மங்கலாக வேண்டும். டிஸ்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, கையால் தொடாதீர்கள். லீவர் முழுக்க வருவது பேட் தேய்மானம். கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் நகரும். உள்பக்கப் பேடை ஆலன் கீயால் நாமே டிஸ்க் பக்கம் தள்ளிவைக்க வேண்டும். பலர் கேபிளை மட்டும் இழுத்து இறுக்குகிறார்கள். அது வேலைக்கு ஆகாது.

திண்டுக்கல் மிதிவண்டி:
கழற்றிப் பார்த்தேன் அண்ணே, நீங்கள் சொன்னது போலவே பளபளப்பு. ஒன்று கேட்க வேண்டும். பழனி இறக்கம் சிறுமலையைவிட ரொம்ப நீளம் அல்லவா? தேய்த்துப் போட்ட இதே பேட் தாங்குமா?

மதுரை ஒர்க்ஷாப்:
தாங்காது, புதுசு போடுங்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பழனி அடிவாரம் முந்நூற்றுச் சொச்சம். 90 கிலோ எடை அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. காற்று எடுத்துக்கொள்வது போக மிச்சம் எல்லாம் அந்த இரண்டு தகடுகள் தலையில்தான்.

மெட்டல் பேட் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் சில டிஸ்க்கில் ‘ரெசின் பேட் ஒன்லி’ (பிசின் பேட் மட்டும்) என்று பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க் தேய்ந்துவிடும். பார்த்து வாங்குங்கள்.

பேடைவிடக் கைப்பழக்கம் முக்கியம். லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். அப்புறம், கருகல் வாடை வந்தால் ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நில்லுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

பண்ணைக்காடு தோட்டம்:
வழி பற்றி நான் சொல்கிறேன், இதே மலையில்தான் இருக்கிறோம். சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி வழிதான் சைக்கிளுக்கு அருமை. வத்தலக்குண்டு காட் ரோட்டில் சனி, ஞாயிறு சுற்றுலா வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், சுமையோடு ஒதுங்க இடம் கிடைக்காது. எங்கள் பக்கம் காபித் தோட்டம், அதில் மிளகுக் கொடி, மலைவாழை, பாதி தூரம் நிழல். ஊத்து வந்து காட் ரோட்டில் சேரும்வரை நெரிசல் கிடையாது.

ஆனால் யானை உண்டு. பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு மூன்று பக்கமும் தோட்டத்துக்குள் இறங்கும். நன்றாக விடிந்த பிறகு ஏறுங்கள், நாலு மணிக்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள். சாலையில் சாணம் ஈரமாகக் கிடந்தால் அங்கேயே நின்று, எதிரே வருகிற ஜீப்காரரிடமோ பஸ் டிரைவரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு. சும்மா நிற்கிறதே என்று பக்கத்தில் போய்ப் படம் எடுக்க வேண்டாம்.

ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் நமக்கு உள்வட்டம் கிடைக்கும். அங்கேதான் செங்குத்து. பின்பாரம் இழுத்து முன் சக்கரம் தூக்கும். மேலிருந்து ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி அகலமாகத் திரும்புங்கள். வண்டி வருகிறது என்றால் இறங்கித் தள்ளுங்கள், இருபது அடிதான். கனமான சாமான்களைப் பைகளின் அடியில் வையுங்கள், முடிந்தால் நாலைந்து கிலோவை முன்பக்கம் மாற்றுங்கள்.

இன்னொன்று, தேதி. ஜனவரி கடைசி என்கிறீர்கள், அது தைப்பூச நேரம். ஒட்டன்சத்திரம் – பழனி சாலை முழுக்கப் பாதயாத்திரை பக்தர்கள், ராத்திரியிலும் நடப்பார்கள். பூசம் முடிந்து ஒரு வாரம் கழித்து வாருங்கள். அக்டோபர், நவம்பர் மழையை விட்டுவிட்டு வருவது சரியான முடிவு, அப்போது மண்சரிவு வரும்.

திண்டுக்கல் மிதிவண்டி:
ரொம்ப நன்றி ஐயா. தைப்பூசம் எனக்குத் தோன்றவே இல்லை. பிப்ரவரி இரண்டாம் பாதிக்கு மாற்றிவிட்டோம். அப்பா பின்னாலேயே காரில் வருவேன் என்கிறார். தண்ணீர், இ-பாஸ் விஷயம்?

பண்ணைக்காடு தோட்டம்:
காருக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் அது கட்டாயம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள், கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி உண்டு. தாண்டிக்குடியில் டீக்கடையில் கேட்டால் நிரப்பித் தருவார்கள். முதல் ராத்திரி பண்ணைக்காட்டில் தங்குவதாகத் திட்டம் போடுங்கள். ஒரே நாளில் கொடைக்கானல் வேண்டாம்.

திண்டுக்கல் மிதிவண்டி:
34 ஃப்ரீவீலும் புது பேடும் மாட்டியாயிற்று. டெரெய்லர் நீளக் கைதான், கடைக்காரரே பார்த்துச் சொன்னார். அதே 14 கிலோவோடு மறுபடியும் சிறுமலை ஏறினோம், முட்டி வலி இல்லை. பிரேக் மட்டும் முதல் சில வளைவுகளில் பிடிப்பு குறைவாக இருந்தது, இறங்க இறங்கச் சரியானது. இது சாதாரணம்தானா?

மதுரை ஒர்க்ஷாப்:
சாதாரணம்தான். புது பேட் டிஸ்கோடு பழகவேண்டும். சமதரையில் 20 கிமீ வேகம் எடுத்து, சக்கரம் வழுக்காமல் மெதுவாக நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். முன், பின் தனித்தனியாக இருபது தடவை செய்தால் போதும். தம்பி வண்டிக்கும் செய்யுங்கள். அவர் வண்டியில் சக்கர வளையத்தையே பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் இறக்கத்தில் ரிம்மைத் தொட்டுப் பாருங்கள், விரல் வைக்க முடியாத சூடு என்றால் டியூப் வெடிக்கும், நின்று ஆறவிட்டுப் போகவேண்டும். உபரி பேட் ஒரு செட், பிரேக் கேபிள் ஒன்று, 5 எம்எம் ஆலன் கீ மூன்றையும் காரில் போடாமல் உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.