ஸ்ட்ரட் ஸ்பேசருக்கு எந்தப் பொருள்? கண்டதும் கைப்பட்டதும்

அம்பத்தூரிலிருந்து:
லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காரின் முன்பக்கத்தை 20 மில்லிமீட்டர் உயர்த்த, ஸ்ட்ரட்டின் (சக்கரத்தின் மேலுள்ள ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் தொகுதி) உச்சியில் வைக்கும் ஸ்பேசர் வட்டு கடைந்து கேட்பவர்களுக்கு ஒரே கவலைதான்: வண்டியின் எடையை அது தாங்குமா? தாராளமாகத் தாங்கும். சிறிய காரின் முன்சக்கரம் ஒன்றின் மேல் இருப்பது 250 கிலோ அளவுதான். வட்டுக்கு உண்மையான எமன் போல்ட். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை 25 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால், ஏறத்தாழ ஒன்றரை டன் விசையில் அது இறுக்குகிறது.

பக்கத்துத் தெருக்காரர் காய்கறி நறுக்கும் வெள்ளைப் பலகையை அறுத்து வட்டாக்கி மாட்டியிருந்தார். செலவு மிகக் குறைவு என்று பெருமை வேறு. வேகத்தடை ஏறும்போதெல்லாம் 'டொக்' என்ற சத்தம். ஸ்பேனரை வைத்தேன், மூன்று நட்டும் எதிர்ப்பே இல்லாமல் சுழன்றன. துளைகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் அமுங்கிப் பள்ளமாகியிருந்தது. அந்த வகைப் பிளாஸ்டிக் உடையாது. தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல வழிந்து விலகும். இறுக்கம் தானாகப் போய்விடும். நைலானும் இதே குணம்தான், சற்று நிதானமாகச் செய்யும். பிளாஸ்டிக்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு துளையிலும் வட்டின் தடிமனுக்குச் சமமான நீளத்தில் இரும்பு புஷ் (குட்டிக் குழாய்) போடுங்கள். இறுக்கத்தை புஷ் வாங்கிக்கொள்ளும்.

கையில் காசு குறைவு என்றால் என் முதல் தேர்வு சாதாரண இரும்புத் தகடு. எடை கூடுகிறதே என்பார்கள். கூடுவது சில நூறு கிராம். இரண்டு தகடுகளை ஒட்டிப் பற்றவைத்தால் நெளியும், இருபுறமும் லேத்தில் முகம் எடுத்து (சமதளமாகக் கடைந்து) தான் ஆகவேண்டும். அலுமினியம் என்றால் 6061 அல்லது 6082 என்ற வலுவான கலவையின் உருண்டைக் கம்பியில் மிஞ்சிய துண்டுகளைப் பட்டறைகளில் கேளுங்கள். பழைய பிஸ்டனை உருக்கி வார்த்த வட்டை நான் தொடமாட்டேன்; கடையும்போதே உள்ளே காற்றுக்குமிழ்கள் தெரியும்.

மிச்சப்பட்ட பணம் போல்ட்டுக்குப் போகட்டும். தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும். பழைய போல்ட் எட்டவில்லை என்று துண்டு சேர்த்துப் பற்றவைத்துத் தரச் சொன்னவரை அப்படியே திருப்பி அனுப்பினேன்.

தூத்துக்குடியிலிருந்து:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. எங்கள் ஊர் உப்புக்காற்றில் அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருந்தால் வெள்ளைப் பொடி பூக்கிறது. என் காரில் வட்டைக் கழற்றச் சுத்தியல் தேவைப்பட்டது. இரண்டு முகத்திலும் பிரைமர் அடித்துவிட்டு மாட்டுங்கள்.

சேலத்திலிருந்து:
இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு) வண்டிக்காரர்கள் கவனிக்கவும். அங்கே ஸ்ட்ரட் கீழ்க்கையின் நடுவில் அமர்ந்திருப்பதால், 20 மில்லிமீட்டர் வட்டு சக்கரத்தருகே ஏறத்தாழ இரட்டிப்பு உயரம் தரும். என் ஜீப்பில் பிரேக் ஹோஸ் விறைத்து நின்றதைப் பார்த்துப் பாதி தடிமனுக்கு இறங்கினேன். மாட்டியதும் வீல் அலைன்மென்ட் பாருங்கள், ஹெட்லைட்டையும் தாழ்த்துங்கள்.