படுக்கையா இருக்கற அம்மாவ பாத்துக்கறேன், மனசு விட்டுப்போச்சு. நீங்கல்லாம் எப்படி சமாளிக்கறீங்க?

கும்மோணத்துக்காரி:
வணக்கம். படிக்க மட்டும்தான் இங்க வருவேன், எழுதறது இதான் மொத தடவ. அம்மாவுக்கு போன ஐப்பசில ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் கை கால் விழுந்துருச்சு. பேச்சும் சரியா இல்ல, தண்ணி கேக்க நெனச்சு "சாவி, சாவி"ங்கறாங்க. ஸ்கூல் வேலைய விட்டுட்டேன். வீட்டுக்காரர் திருப்பூர்ல, சனி ராத்திரி வந்து ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிடுவார். பையன் நாலாவது படிக்கறான். அண்ணன் பெங்களூர், தெனம் வீடியோ கால்ல வந்து "எதுனாலும் தயங்காம சொல்லு பாப்பா"ன்னு சொல்லிட்டு வெச்சிடுவான்.

ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ அலாரம் வெச்சு திருப்பி படுக்க வைக்கணும், இல்லன்னா படுக்கைப்புண் வந்துரும்னு டிஸ்சார்ஜ் பண்றப்பவே பயமுறுத்தி அனுப்பிட்டாங்க. பகல்ல டயப்பர், குளிப்பாட்டு, கஞ்சி, மாத்திரை. இதெல்லாம் கூட பழகிருச்சுங்க. பழகாதது என் கோவம். கஞ்சி ஸ்பூன அவங்க தட்டி விட்டா சுர்ருன்னு ஏறுது, கத்திடறேன், அப்புறம் அந்த முகத்த பாத்துட்டு நாள் பூரா ஒரு மாதிரி கெடக்கேன். எல்லாரும் தூங்குனப்புறம் ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் பாக்கறேன், தூங்கணும்னு தெரியுது, ஆனா அந்த நேரம் மட்டும்தான் என்னோடது மாதிரி இருக்கு, விட மனசு வரல. மெடிடேஷன் ஆப் ஒண்ணு போட்டு பாத்தேன், மூச்ச கவனின்னு சொல்றான், எனக்கு பக்கத்து கட்டில்ல அம்மா மூச்சு சீரா வருதான்னுதான் காது போகுது.

பாக்க வர்ற சொந்தக்காரங்க ஹார்லிக்ஸ் பாட்டில வெச்சிட்டு "உன்ன மாதிரி பொண்ணு கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்"னு சொல்லிட்டு காப்பி குடிச்சிட்டு போறாங்க. எனக்கு பாராட்டு வேணாம்ங்க. தெனம் காலைல எந்திரிக்கறப்ப நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கே, அதுக்கு என்ன பண்றது?

ரிட்டயர்டு வாத்தியார்:
மகளே, பெத்தவளுக்கு செய்யறது பெரிய புண்ணியம். காலைல நாலரைக்கு எந்திரிச்சு பிராணாயாமம், அப்புறம் அரை மணி நேரம் நடை. நல்லதையே நெனைங்க, எல்லாம் நல்லதா நடக்கும். 70 வயசுலயும் நான் அப்படித்தான் தெம்பா இருக்கேன்.

மலைக்கோட்டை:
வாத்தியார் ஐயா கோச்சுக்காதீங்க, அந்த பொண்ணு நாலரை மணிக்கு ஏற்கனவே முழிச்சுதான் இருக்கு, அலாரம் வெச்சு 😀

அக்கா, நான் அப்பாவ பாத்துக்கிட்டவன், அவருக்கும் இதே ஸ்ட்ரோக்தான். இப்ப உங்க மனச சரி பண்ண கெளம்பாதீங்க, ராத்திரிய சரி பண்ணுங்க. தூக்கம் துண்டு துண்டா போனா எவனா இருந்தாலும் ஸ்பூன் தட்டி விட்டதுக்கு கத்தத்தான் செய்வான், உங்க கொணத்துல ஒரு குத்தமும் இல்ல. தொடர்ந்து நாலு அஞ்சு மணி நேரம் யாரும் எழுப்பாத தூக்கம் வாரத்துல சில நாளாச்சும் கெடைக்கணும், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அதுக்கு உங்க அண்ணன்தான் வழி. "எதுனாலும் சொல்லு"ங்கற ஆள் கிட்ட "கஷ்டமா இருக்குடா"ன்னு சொன்னா "பாத்துக்கோ பாப்பா"ன்னுதான் பதில் வரும், என் தம்பியும் அப்படித்தான். அப்புறம் நான் விஷயத்த பேர் சொல்லி கேட்டேன். வாரத்துல மூணு ராத்திரிக்கு அட்டெண்டர் போடறேன், சம்பளம் ஒன்னுது, ஒண்ணாந்தேதி அந்த அம்மாவுக்கு ஜிபே பண்ணிடு. மாசத்துல ஒரு சனி ஞாயிறு நீ இங்க வந்து அப்பா ரூம்ல படு, நான் வெளிய போயிருவேன். முணுமுணுத்தான், ஆனா வந்தான். ஒரு ராத்திரி அவனே எந்திரிச்சு டயப்பர் மாத்துனதுக்கு அப்புறம் அவன் போன்ல அட்வைஸ் குடுக்கறத நிறுத்திட்டான், அது தனி சந்தோஷம்.

இன்னொண்ணு, மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல இருந்து நடக்குது, படுக்கையா இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே பிசியோ வருவாங்க, பிரஷர் சுகர் மாத்திரையும் வீட்டுக்கு வரும். உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுத்தாச்சா? கும்பகோணம் டவுனுக்குள்ளன்னா நகர்ப்புற சுகாதார நிலையத்துல கேளுங்க. பிசியோ வந்தா அம்மாவ தூக்கற மொறையும் கத்துக்கோங்க, இல்லன்னா உங்க இடுப்பு போயிரும்.

வார்டு சிஸ்டர்:
நான் நியூரோ வார்டுல வேல பாத்தவ, இப்ப வீட்டு நர்சிங் பண்றேன். ரெண்டு விஷயம் சொல்லணும் தங்கச்சி.

மொதல்ல அம்மா. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல ஏறக்கொறைய மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வரும்னு டாக்டர்களே சொல்றாங்க, ஆனா பேச்சு போனவங்க அத வாய்விட்டு சொல்ல முடியாது, சாப்பாட்ட தள்ளி விடுவாங்க, சுவத்த பாத்து படுப்பாங்க, பிசியோவுக்கு ஒத்துழைக்க மாட்டாங்க. நம்ம "பிடிவாதம்"னு நெனச்சுப்போம். முழுங்க செரமமா இருந்தாலும் ஸ்பூன தட்டுவாங்க. கஞ்சி குடிக்கறப்ப இருமறாங்களா, அப்புறம் குரல் கொழகொழன்னு கேக்குதான்னு கவனிங்க, அப்படி இருந்தா டாக்டர் கிட்ட காட்டற வரைக்கும் தண்ணியா எதுவும் ஊத்தாதீங்க. எப்பவும் நல்லா நிமிர்த்தி உக்கார வெச்சுதான் ஊட்டணும், படுத்த வாக்குல வேணவே வேணாம். நியூரோ டாக்டர அடுத்த தடவ பாக்கறப்ப "அம்மா மனசோர்வா இருக்காங்களா பாருங்க"ன்னு நீங்களா கேளுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க, ஓபில அவ்ளோ கூட்டம். மாத்திரை எழுதுனா வேல செய்ய சில வாரம் ஆகும், நாலு நாள்ல ஒண்ணும் தெரியலன்னு நிறுத்திடாதீங்க. "சாவி"ன்னு சொன்னாலும் நீங்க பேசறது அவங்களுக்கு நல்லாவே புரியலாம், டம்ளர் படம் சாப்பாடு படம் ஒரு அட்டைல ஒட்டி இடது கைக்கு எட்டற மாதிரி வெச்சு பாருங்க.

அப்புறம் நீங்க. நெஞ்சுல கல்லு, எதுலயும் பிடிப்பு இல்ல, தூக்கம் பசி மாறிப்போச்சு, இது ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நாள்ல இருந்தா "அலுப்பு"ன்னு தள்ளக்கூடாது. மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓபிக்கு போங்க, உங்களுக்கு அது கும்பகோணத்துலயே இருக்கு, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜும் பக்கம்தான். தைராய்டு, ரத்தம் கொறைவு ரெண்டையும் ஒரு பிளட் டெஸ்ட் எடுத்து பாத்துடுங்க, பொம்பளைங்களுக்கு இது ரெண்டும் அப்படியே மனச்சோர்வு மாதிரிதான் தெரியும். வெளிய போக முடியாத நாள்ல 14416 அடிங்க, டெலி மானஸ், சென்ட்ரல் கவர்மென்ட் லைன், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம், காசு கெடையாது. "செத்துடலாம்", "அவங்க போயிட்டா தேவல"ன்னு நெனப்பு வந்துச்சுன்னா அன்னிக்கே பேசுங்க, காத்திருக்காதீங்க. அந்த ரெண்டாவது நெனப்பு பாத்துக்கறவங்க நெறைய பேருக்கு வரும், சொல்ல பயந்துக்கிட்டு உள்ளயே வெச்சு புழுங்குவாங்க.

தூக்கம்_எங்கே:
அந்த ரீல்ஸ் விஷயத்துக்கு மட்டும் வரேன். நானும் அதே கேஸ், ஆனா எனக்கு ரெட்டை கொழந்தைங்க. ஃபோன ஹால்ல வெச்சிட்டு படுன்னு எல்லாரும் சொன்னாங்க, வேலைக்கே ஆகல, ஏன்னா பிரச்சன ஃபோன் இல்ல, நாள் பூரா எனக்குன்னு ஒரு நிமிஷம் கூட இல்ல, அத ராத்திரில பிடுங்கிக்கறேன். அந்த நேரத்த சாயங்காலத்துக்கு மாத்துனப்புறம்தான் கொறஞ்சுது. தெனம் ஆறுலேந்து ஆறரை மாமியார் கிட்ட பிள்ளைங்கள விட்டுட்டு மொட்ட மாடிக்கு போயிடுவேன், அங்கயும் ரீல்ஸ்தான் பாப்பேன் சில நாள் 😅 பரவால்ல. ராத்திரி பத்தரைக்கு தன்னால கண்ணு சொக்குது. உங்களுக்கு பக்கத்து வீட்டுல ஒரு அரை மணி நேரம் அம்மா கூட உக்கார யாராச்சும் இருக்காங்களா? ஹார்லிக்ஸ் கோஷ்டில ஒரு ஆள பிடிச்சு போடுங்க.

ரிட்டயர்டு வாத்தியார்:
மலைக்கோட்டை தம்பி சொன்னது நியாயம். நான் நடை போறதே வீட்டுல சமைக்க ஆள் இருக்கறதாலதான், இப்ப யோசிச்சா தெரியுது. மகளே, பையனுக்கு கணக்கு சொல்லித்தர ஆள் வேணும்னா ஆன்லைன்ல நான் தயார், தெனம் சாயங்காலம் ஃப்ரீதான்.

கும்மோணத்துக்காரி:
எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன். சிஸ்டர், அம்மா சுவத்த பாத்து படுக்கறது, நீங்க சொன்னது அப்படியே. இருமல் இல்ல. வர்ற செவ்வாக்கெழம நியூரோ ரிவ்யூ இருக்கு, கேட்டுடறேன், எனக்கும் பிளட் டெஸ்ட் அன்னிக்கே குடுத்துடறேன். அண்ணனுக்கு மெசேஜ் டைப் பண்ணி வெச்சிருக்கேன், ராத்திரி அட்டெண்டர், சம்பளம், தேதி எல்லாம் போட்டு. அனுப்ப கொஞ்சம் கூச்சமா இருக்கு, அண்ணி என்ன நெனைப்பாங்களோன்னு. வாத்தியார் சார், பையனுக்கு வகுத்தல் வரவே மாட்டேங்குது, இன்பாக்ஸ் வரேன். மலைக்கோட்டை, அப்பாவுக்கு ஏர் பெட் வாங்குனீங்களா? அத போட்டா ராத்திரி திருப்ப வேணாம்னு எதிர் வீட்டு அக்கா சொல்றாங்க, நெசமா?

மலைக்கோட்டை:
மெசேஜ மொதல்ல அனுப்புங்க அக்கா, அண்ணிய அண்ணன் பாத்துப்பான்.

ஏர் பெட் போட்டாலும் திருப்பணும். ஆனா இடைவெளிய கூட்டலாமான்னு பிசியோ இல்ல நர்ஸ் யாராச்சும் தோலப் பாத்துட்டு சொல்லுவாங்க, எங்களுக்கு ராத்திரில கூட்டிக்கலாம்னாங்க, அதுவே பெரிய விடுதலையா இருந்துச்சு. நீங்களா கூட்டிடாதீங்க. பிட்டம், குதிகால், இடுப்பு எலும்பு இந்த எடமெல்லாம் தெனம் பாருங்க, செவந்து இருந்து விரல்ல அமுக்குனா வெளுக்காம அப்படியே செவப்பா நின்னா உடனே காட்டணும். சர்ஜிக்கல் கடைல வாடகைக்கும் குடுக்கறாங்க, புதுசு வாங்கறதுக்கு முன்ன கேட்டு பாருங்க. கரண்ட் போனா காத்து மெல்ல எறங்கிடும், அதனால பம்ப்ப இன்வெர்ட்டர் லைன்ல போட சொல்லுங்க.